கொடியில் இட்ட பெயர்கள்

இரண்டாம் உலகப்போரில் யப்பானியப் படைவீரர்கள் மடித்து உடலோடு வைத்திருந்த கையொப்பக் கொடிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படுபவற்றைக் கொஞ்சக் காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எழுதுபவர்கள் இரு சாரார். ஒரு சாரார் சேகரிப்பாளர்கள். கொடி அசலா போலியா என்பதுதான் அவர்களது கேள்வி. அசல் என்றால் என்ன விலை போகும் என்பது அடுத்த கேள்வி. மறுசாரார், கொடியை இறந்தவனின் வீட்டாரிடம் திருப்பி ஒப்படைக்க முனைபவர்கள். பெயர் யாருடையது, ஊர் எது என்பது அவர்களுக்கு வேண்டும். இரு சாராருக்குமே கொடியில் உள்ளதை வாசித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் அதை ஒரு பிரதியாக, பலர் கூடி எழுதிய ஒரு எழுத்தாக, இரு சாராருமே வாசிப்பதில்லை. எனது முறைப்பாடு இதுதான். ஒரு தமிழ்ச் சஞ்சிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். போருக்கு அழைக்கப்பட்டவனுக்கு உற்றார், அயலார், உடன் வேலைசெய்தோர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் ஒரு தேசியக் கொடியின் வெள்ளைப் பகுதியில் தூரிகையால் தத்தம் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். 'யொசெகாக்கி ஹினொமாறு' என்பது அதன் பெயர். 'யொசெகாக்கி' என்றால் சேர்த்தெழுதியது. 'ஹினொமாறு' சூரிய வட்டம். பெயர்கள் பெரும்பாலும் சிவப்பு வட்டத்தைச் சுற்றிக் கதிர்கள் போலப் பரவியிருக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்து பிரிகிறபோது எமது பள்ளிக்கூடங்களில் ஓட்டோகிராப் கொப்பி கைமாறுமே, ஏறத்தாழ அந்தச் செயல். யப்பானில் இன்றைக்கும் பள்ளியை விட்டுப் போகிறவருக்கு ஒரு மட்டையில் எல்லோரும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கும் பெயர் யொசெகாக்கிதான்.

பெயர்களுக்கு மேலே அல்லது ஓரமாகப் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். அநேகமான கொடிகளில் அது ஒரே வாசகம்: 'புஉன் சோக்கியூ'. நான்கு சித்திர எழுத்துக்கள். போர், ஊழ், நீளம், நெடுங்காலம். ஆங்கிலத்தில் இதனை நல்லதிர்ஷ்டம் என்று சுருக்கி, கொடிக்கே 'அதிர்ஷ்டக் கொடி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனை வழியனுப்பியது போல! இரண்டாவது எழுத்தான 'உன்' என்பதற்கு நகர்தல், சுமந்து செல்லல் என்ற பொருளும் உண்டு. தமிழில் எங்களுக்கு ஊழ் என்ற சொல் இருக்கிறது, யோகம் இருக்கிறது, தலையெழுத்து இருக்கிறது. அதிர்ஷ்டம் என்பதே வடமொழியில் 'காணப்படாதது' என்றுதான் பொருள்படும். ஆங்கிலச் சொல்லைவிட எமது சொற்கள் எல்லாமே இந்த இடத்துக்குக் கிட்டவாக நிற்கின்றன. 'போரில் உன் ஊழ் நீண்டு நிற்க' என்று நான் எழுதிப் பார்த்தேன். அழகாக இல்லை, ஆனால் பொய்யில்லை.

வாசகம் சடங்கு வாசகம், எல்லாக் கொடியிலும் இருப்பது, ஆகவே அதில் வாசிக்க ஒன்றுமில்லை என்று ஒரு சேகரிப்பாளர் எழுதியிருந்தார். இதைவிடத் தவறான ஒரு விமர்சனக் கருத்து இருக்க முடியாது. சடங்கு வாசகத்துக்குள்தான் மனிதர் ஒளிந்துகொள்வார்கள். உயிரோடு திரும்பி வா என்று வெளிப்படையாகச் சொல்வது அந்த நாளைய யப்பானில் எளிய காரியமல்ல. 1904இல், ருசிய யப்பானியப் போரின்போது, யொசானோ அகிக்கோ என்ற பெண் கவிஞர் படையிலிருந்த தன் தம்பியை நோக்கி, நீ சாகாதே என்ற பொருள்பட ஒரு கவிதை எழுதினார். ஓமாச்சி கெய்கெற்சு என்ற விமர்சகர் அவரைத் துரோகி என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், இன்னும் இறுகிப்போன ஒரு ஆட்சியில், தாய்க்குக் கிடைத்தது இந்த நான்கெழுத்து மட்டுமே. அரசு அதை 'வெற்றி நீடிக்க' என்று வாசிக்கலாம். தாய் அதே எழுத்தை 'நீ நீடிக்க' என்று வாசிக்கலாம். இரண்டுக்கும் அது இடம் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்யும்போது ஒருவரின் வாயை அடைக்கிறார்.

கொடியோடு சேர்த்துப் பெண்கள் 'செந்நின்பரி' என்றொரு இடுப்புப் பட்டியும் கொடுப்பார்கள். ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சிட்ட துணி. புலி வருடத்தில் பிறந்த பெண் மட்டும் தன் வயதின் அளவுக்கு முடிச்சிடலாம். காரணம், புலி ஆயிரம் காதம் போனாலும் ஆயிரம் காதம் திரும்பி வரும் என்ற அவர்களது பழமொழி. இதை வாசித்தபோது எனக்குப் புறநானூற்றின் 86ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, புலி தங்கிப்போன குகை போன்றது என் வயிறு, அவன் போர்க்களத்தில் எங்கேனும் இருப்பான் என்று தாய் சொல்லும் பாட்டு. எமது புலி போன புலி. அவர்களுடையது திரும்பி வரவேண்டிய புலி. இந்தப் பாட்டு எமது மேடைகளில் எத்தனை தரம் சொல்லப்பட்டது, எதற்காகச் சொல்லப்பட்டது என்பது இந்த வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தத் தாயின் விடையில் இருப்பது பெருமிதம் மட்டும்தானா, அவளும் ஒரு சடங்கு வாசகத்துக்குள் நின்றுதான் பேசினாளா என்ற கேள்வியை எமது உரைகாரர் யாரும் கேட்டதாக நான் அறியேன்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த விடயம் எளிதில் விளங்கவேண்டும். எம்மிடம் 'கல்வெட்டு' இருக்கிறது. கல்லில் வெட்டியதல்ல, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கிற புத்தகம். தேவாரம், வம்ச வரலாறு, வெண்பாவில் திதி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். ஒரு அன்னியர் இவற்றில் பத்தைப் பெயர்த்துப் பார்த்தால், யாழ்ப்பாணத்து மருமக்கள் எல்லாரும் ஒரேமாதிரி அழுகிறார்கள் என்று முடிவுசெய்வார். அது சரியுந்தான். ஆனால் எந்த மருமகனின் பெயர் விடுபட்டிருக்கிறது, வெளிநாட்டில் கலப்புமணம் செய்த மகள் எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறாள் என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தப் புத்தகம் ஒரு நாவல். புலம்பல் பொது, பெயர் வரிசைதான் எழுத்து. கொடியிலும் அப்படித்தான்.

இனி, அசலும் போலியும். இந்தப் பகுதியில் சேகரிப்பாளர்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். இவர்களிடம் எமது பதிப்பாசிரியர்கள் படிக்க நிறைய இருக்கிறது. மை துணி இழையோடு எப்படி ஊறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கட்டும் மூலைகளில் தைத்த முக்கோணத் தோல் துண்டைப் பார்க்கிறார்கள். இருட்டில் ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். போருக்குப் பின்வந்த துணிகளிலும் சலவைத் தூள்களிலும் உள்ள வெண்மையூட்டி நீலமாய் ஒளிரும். ஆனால் தகப்பன் கொண்டுவந்து போட்ட கொடியை வீட்டில் யாராவது ஒருநாள் தோய்த்திருந்தால் அசலும் ஒளிரும். போருக்கு முன் கிடையாக எழுதியதை வலமிருந்து இடமாக எழுதினார்கள். இடமிருந்து வலமாக இருந்தால் ஐயப்படலாம். 1946இலும் 1949இலும் எழுத்துச் சீர்திருத்தம் வந்து பல எழுத்துக்கள் எளிமையாக்கப்பட்டன. ஆகவே எளிய வடிவம் கண்டால் உடனே போலி என்று சிலர் தீர்ப்பெழுதுகிறார்கள். இங்கேதான் அவசரம். எளிய வடிவங்களில் பல சீர்திருத்தக்காரர் கண்டுபிடித்தவையல்ல. மக்கள் கையெழுத்தில் முன்பே வழங்கியவை. 'நாடு' என்பதற்கான எழுத்து அவற்றில் ஒன்று. அச்சில் இல்லாதது கையில் இருந்திருக்காது என்று நினைப்பது அச்சுக்குப் பழகியவரின் மயக்கம். பழைய உறுதிகளில் நொத்தாரிசின் கையெழுத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எல்லாப் பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தால் போலி என்பது இன்னொரு விதி. நல்ல விதிதான். எழுத்து வடிவான ஊர் வாத்தியாரோ கோயில் குருக்களோ எல்லோருக்குமாக எழுதிக் கொடுத்த கொடியில் அது தடுக்கி விழும். பெரிய வேடிக்கை இன்னொன்று. பசிபிக் தீவுகளில் அமெரிக்கக் கட்டுமானப் படையினர் கிடைத்த துணியில் சிவப்பு வட்டம் போட்டு, ஏதோ கிறுக்கி, நினைவுப்பொருள் தேடிவந்த மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் விற்றார்கள். அதாவது 1944ஆம் ஆண்டின் போலி! அதே காலத்துத் துணி, அதே காலத்து வெயில். விளக்கு எதைக் காட்டும்? எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்தான் அதைப் பிடிக்கவேண்டும்.

வாசகத்தில் காலமும் இருக்கிறது. தேசியப் பாதுகாப்பு மாதர் சங்கம் 1932இல் தொடங்கி 1942இல் இன்னொரு பெரிய அமைப்பினுள் கரைந்தது. அதன் பெயர் இருந்தால் கொடி அதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஷோவா பதினெட்டு என்றிருந்தால் 1925ஐக் கூட்டி 1943 என்று கண்டுகொள்ளலாம். வயது வந்ததும் முறைப்படி படையில் சேர்ந்தவனை வாழ்த்தும் சொல் வேறு. வேலையும் பிள்ளைகளுமாய் இருந்தவனைச் சிவப்புக் கடதாசி அனுப்பிப் பிடித்தபோது எழுதும் சொல் வேறு. மொழிபெயர்ப்புகளில் இரண்டும் 'படைக்குப் போகிறவருக்கு' என்றே வருகின்றன. இருபது வயதுப் பொடியனும் முப்பத்தைந்து வயதுத் தகப்பனும் ஒருவராகிவிடுகிறார்கள்.

அசல் என்று நிறுவியபின் வேண்டியதையெல்லாம் அதிலிருந்து வாசிக்கலாம் என்ற நோய் எமக்கும் இருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் கிழங்கு அவித்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தை 1836 அளவில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி கண்டார். அது ஒரு கப்பல் மணியின் மேற்பாகம்; தமிழ் எழுத்து உள்ளது; இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ளது ஒரு வரி: முகையதீன் பக்ஸ் என்ற பெயரும், அது அவருடைய கப்பலின் மணி என்பதும். அந்த ஒரு வரியின் மேல் எம்மவர் ஏற்றிய கப்பல்களுக்குக் கணக்கில்லை. மணி அசல். அதைக் கொண்டுவந்தவர் தமிழரா, ஆளில்லாமல் மிதந்து வந்த கப்பலா, எந்தத் துறைமுகத்தில் யார் கையில் மாறியது என்று மணி சொல்லவில்லை. ஒரு முஸ்லிம் கப்பல்காரரின் பெயர் என்பதையாவது எமது மேடைப் பேச்சாளர்கள் ஒழுங்காக வாசித்திருக்கலாம்.

நான் கையில் தொட்டுப் பார்த்தது ஒரேயொரு கொடி. றிச்மண்ட் ஹில்லில் எமது தெருவிலேயே இருக்கும் ஒரு கனேடிய மூதாட்டியிடம் அது இருக்கிறது. அவருடைய தகப்பனார் 1945இல் பர்மாவில் கனேடிய விமானப்படையின் போக்குவரத்து அணியொன்றில் இருந்தவர். 435, 436 என்ற இரு அணிகள் டக்கோட்டா விமானங்களில் பதினான்காம் படைக்கு உணவும் வெடிபொருளும் போட்டன. கொடியை அவர் யாரிடமிருந்தும் பறிக்கவில்லை. ஒரு போத்தல் விஸ்கிக்கு மாற்றியது என்று சொல்லியிருக்கிறார். பட்டுத் துணி. பழுப்பேறி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருக்கிறது. அதோடு ஒரு தட்டச்சுத் தாளும் இருந்தது, காசு கொடுத்து எங்கோ பெற்ற மொழிபெயர்ப்பு. மேலே பெறுபவனின் பெயர், பிறகு 'போரில் நல்லதிர்ஷ்டம்', பிறகு இருபத்திரண்டு பெயர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். கொடியில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது.

எனக்கு யப்பானிய மொழி தெரியாது. ஸ்காபரோவில் அறிமுகமான ஒரு யப்பானிய ஆசிரியை, இளைப்பாறியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசித்தார். விடுபட்டவற்றில் ஏழு பெண்களின் பெயர். அந்நாளைய நாட்டுப்புறப் பெண்களின் பெயர் பெரும்பாலும் சித்திர எழுத்தில் இல்லாமல் எளிய அசையெழுத்தில் இருக்கும். யாரும் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். வாசிக்க எளியதைத்தான் அந்தத் தாள் விட்டிருக்கிறது. விட்டவர் ஆணாதிக்கவாதி என்று நான் குற்றம்சாட்ட வரவில்லை. குடும்பப் பெயர் இல்லாமல் தனிப்பெயர் மட்டும் நின்றதால், தேடுவதற்குப் பயன்படாது என்று விட்டிருக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்று வட்டத்துக்கு மிகக் கிட்ட, சிறிதாக, பெறுபவனின் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. தாயா, மனைவியா, தங்கையா தெரியாது. இடம் மட்டும் தெரிகிறது. கல்வெட்டு வாசித்துப் பழகியவனுக்கு அது போதும்.

ஆண்களின் பெயரிலும் சிக்கல் குறைவில்லை. ஒரே சித்திர எழுத்தைத் தடாஷி என்றும் வாசிக்கலாம், மசாஷி என்றும் வாசிக்கலாம். அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எழுத்தில் இல்லை. கூப்பிட்டவர்களின் வாயில் இருந்தது. ஆசிரியை இரண்டையும் எழுதச் சொன்னார். அந்தத் தாள் ஒன்றை மட்டும் உறுதியாக எழுதியிருந்தது.

ஆசிரியை வருமுன்பு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் கொங்கொங் நண்பரிடம் கேட்டோம். அவர் நான்கு எழுத்தையும் உடனே கன்ரனீசில் வாசித்தார். பெயர்களைச் சீன உச்சரிப்பில்தான் அவரால் சொல்ல முடிந்தது. துணியைத் தொடவில்லை. கொங்கொங் 1941 நத்தாரன்று வீழ்ந்தது. அதைக் காக்கப் போன 1975 கனேடியரில் பலர் அங்கேயும் பிறகு சிறைமுகாம்களிலும் மாண்டார்கள். அங்குள்ளோர் ஆக்கிரமிப்புக் காலத்தை 'மூன்று வருடம் எட்டு மாதம்' என்று மட்டும் சொல்வார்கள், பெயர் வேண்டியதில்லை. "என்ரை அம்மா உந்தக் கொடியை உயரத்திலைதான் பார்த்தவ. பேர் எழுதியிருக்கிறது அவவுக்குத் தெரியாது" என்றார், நான் எங்கள் பாஷையில் சொல்வதானால். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கொடிகளைத் திருப்பி ஒப்படைக்கும் இயக்கத்தின் எழுத்துக்களில் நான் காணாதது இந்தத் தாய்தான். அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்து அஸ்ரோறியாவில் இருக்கும் ஓபொன் சங்கத்தை இகழ்வதற்கில்லை. அதை 2009இல் தொடங்கிய தம்பதியரில் மனைவி கெய்கோவின் பாட்டனார் பர்மாவில் இறந்தவர்; அவரது கொடி 2007இல் வீடு வந்தது. எலும்பே திரும்பாத வீடுகளுக்கு, கல்லோ கடதாசியோ வைத்த பெட்டி மட்டும் வந்த வீடுகளுக்கு, அந்தத் துணி எதுவென்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கொடிகளை 'உயிர்ப்பொருள் அல்லாத மனித எச்சம்' என்கிறார்கள். கரடுமுரடான சொற்றொடர், ஆயினும் நியாயமானது. ரெக்சாசில் லெக்சிங்ரன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அருங்காட்சியகத்தில் 29 ஆண்டுகள் யாருடையது என்று தெரியாமல் மாட்டியிருந்த கொடி 2023 யூலையில் ரோக்கியோவில் எண்பது கடந்த மகனின் கைக்குப் போனது. நல்ல காரியம். ஆனால் மொழிபெயர்ப்பு ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. கொடி போன வழியில் இருந்த வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த வழியில் எமது வீடுகளும் இருந்தன. பர்மாப் போர்முனைக்கு ஆளும் பொருளும் அனுப்பத்தான் சயாம் பர்மா ரயில்பாதை போடப்பட்டது, 415 கிலோமீற்றர், 1943 ஒக்ரோபரில் முடிந்தது. கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளர், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏய்த்தும் கொண்டுபோன தமிழர் பல்லாயிரம். இறந்தவர் தொகை எண்பதாயிரம் என்றும் தொண்ணூறாயிரம் என்றும் கணிப்புகள் மாறுகின்றன. கணிப்பு மாறுவதற்குக் காரணம் பெயர்ப்பட்டியல் இல்லை. காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் நேசநாட்டுக் கைதிகளின் கல்லறை, பெயரோடு இருக்கிறது. எம்மவருக்கு ஒரு பெயரும் கல்லில் இல்லை. அவர்களுக்கு யாரும் கொடியில் எழுதிக் கொடுக்கவில்லை. தோட்டத்துச் செக்றோல் புத்தகத்தில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும் வந்தன. இவற்றைக் கலைநயம் போதாத ஆவண நாவல்கள் என்று தள்ளும் விமர்சகர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஆவணமே இல்லாத இடத்தில் நாவல்தான் பட்டியல்.

இந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டு ஜோய் கொகாவாவின் 'ஒபாசான்' (1981) நாவலை வாசிக்காமல் இருப்பது எமது இழப்பு. அதில் பாட்டி நாகசாக்கியிலிருந்து எழுதிய கடிதங்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. பேத்தியால் அவற்றை வாசிக்க முடியாது. கடைசியில் ஒரு மதகுரு வாசித்துச் சொல்லும்போதுதான் தாய்க்கு நடந்தது தெரிகிறது. எமது பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். அலுமாரியில் இருக்கும் கல்வெட்டுப் புத்தகத்தைக் காசு கொடுத்து ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுப்பார்கள். அவரும் புலம்பல்களை ஒரு வரியாகச் சுருக்கி, பெயர்களில் பாதியை விட்டு, ஒழுங்காக ஒரு தாள் அடித்துக் கொடுப்பார்.

மூதாட்டிக்கு நாங்கள் புதிய தாள் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொடியைத் திருப்பி அனுப்புவதா, இங்கே ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை; அது அவருடைய காரியம். நான்கு எழுத்துக்கும் ஆசிரியை இரண்டு பெயர்ப்பு எழுதினார், ஒன்றின் கீழ் ஒன்றாக. பெயர்களைக் கொடியில் இருக்கும் இடத்திலேயே, வட்டமாக எழுதினோம், வாசிப்பு இரண்டு உள்ளவற்றுக்கு இரண்டையும் போட்டு. முப்பது பெயர் வந்தது. முப்பத்தோராவது, மடிப்பு விழுந்த இடத்தில், மை ஊறி ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மூன்று தரம் பார்த்தார். அந்த இடத்தில் 'ஒருவர், வாசிக்க முடியவில்லை' என்று எழுதினோம்.